கலைஞர்களே நடத்தும் நடன அமைப்புக்குள் முதல் காலடி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பயிற்சி முடிந்த அடுத்த வாரம்தான் நடனக் கலைஞருக்கு உண்மையான தட்டுப்பாடு தெரியவரும். காலையில் எழுந்தால் க்ளாஸ் இல்லை. ஆடிப்பார்க்கத் தரை இல்லை. செய்து பார்த்ததை உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை. எழுதுபவருக்கு ஒரு மேசை போதும், ஓவியருக்கு அறையின் ஒரு மூலை போதும். நடனத்துக்கு விரிந்த தரை வேண்டும், கூட ஆடும் உடல்கள் வேண்டும், பொறுமையாகப் பார்க்கும் கண்கள் வேண்டும். இவை மூன்றையும் தனியாளாகத் திரட்டுவது நம்மில் பெரும்பாலோருக்கு முடியாத காரியம்.

அதனால்தான் பல நாடுகளில் சமகால நடனக் கலைஞர்கள் தாங்களே கூடி இடம் பிடித்து, தாங்களே தரையைத் துடைத்து, தாங்களே கணக்கு எழுதி அமைப்புகளை நடத்துகிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு அமைப்புகளில் நான் இருந்திருக்கிறேன். ஒன்றில் சாவி என்னிடம்தான் இருந்தது, இன்னொன்றில் வரவு செலவு என் பொறுப்பு. நான் நுழைந்தபோது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் முதலில் மனதில் பதிய வேண்டியது ஒன்று. இந்த அமைப்புகளில் கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் என்ற பிரிவு கிடையாது. வாடிக்கையாளராக உள்ளே போனால் ஆறு மாதத்தில் ஏமாற்றத்தோடு வெளியே வருவீர்கள்.

இவை எப்படிப் பிறந்தன?

வரலாறு தெரியாமலும் சேரலாம். ஆனால் தெரிந்தால், அமைப்பின் பழக்கங்கள் பலவற்றுக்குக் காரணம் புரியும்.

1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில், நடனப் படைப்பாளி மெர்ஸ் கன்னிங்ஹாமின் ஸ்டூடியோவில் ராபர்ட் டன் என்ற இசைக்கலைஞர் நடன ஆக்கம் பற்றி வகுப்பு எடுத்துவந்தார். அந்த வகுப்பில் உருவானவற்றைக் காட்ட இடம் தேவைப்பட்டது. ஜட்சன் மெமோரியல் தேவாலயம் கதவைத் திறந்தது. 1962 ஜூலை 6 அன்று 14 நடன அமைப்பாளர்களின் 23 படைப்புகள் அங்கே மேடையேறின. நிகழ்ச்சி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது, அனுமதி இலவசம். இவோன் ரெய்னர், ஸ்டீவ் பாக்ஸ்டன், டிரிஷா பிரவுன் போன்றவர்கள் அந்த வட்டத்தில் இருந்தவர்கள். ஆசிரியர் விலகிய பிறகும் அவர்கள் வாரந்தோறும் கூடி, ஒருவர் செய்ததை ஒருவர் பார்த்து, அடுத்த நிகழ்ச்சியைப் பேசி முடிவு செய்தார்கள். கூட்டாக இயங்கியது இரண்டு ஆண்டுகள்தான். ஆனால் 'வாரம் ஒருமுறை கூடுவோம், காட்டுவோம், பேசுவோம்' என்ற அந்த எளிய முறை இன்றும் பல நாடுகளில் அப்படியே இருக்கிறது.

லண்டனில் 1976இல் எமிலின் கிளைட், மேடே டுப்ரே, ஃபெர்கஸ் எர்லி, ஜாக்கி லான்ஸ்லி, மேரி பிரெஸ்டிட்ஜ் என்ற ஐந்து பேர் தேம்ஸ் கரையில் இருந்த பழைய கிடங்குக் கட்டடம் ஒன்றில் 'எக்ஸ் 6' என்ற நடன வெளியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே 'நியூ டான்ஸ்' என்ற பத்திரிகையும் வந்தது. 1980 வாக்கில் அந்த இடம் கைவிட்டுப் போனது. அதன் தொடர்ச்சியாகவே கிழக்கு லண்டனில் ஒரு பழைய தொழிற்சாலைக்குள் சிஸன்ஹேல் டான்ஸ் ஸ்பேஸ் உருவானது. நியூயார்க்கின் மூவ்மென்ட் ரிசர்ச் 1978இல் தொடங்கியது, மான்ட்ரியலின் டாஞ்ஜான்ட் 1980இல்.

இவற்றில் எதுவும் பெரிய திட்டத்தோடு தொடங்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரு தேவாலயம், ஒரு கிடங்கு, நாலைந்து நண்பர்கள். அவ்வளவுதான்.

முதல் படி: உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்

'நடனத்தில் வளர வேண்டும்' என்று எழுதாதீர்கள். அது யாருக்கும் உதவாது. 'வாரம் இரண்டு முறை காலையில் க்ளாஸ் வேண்டும்', 'பத்து நிமிடத் தனி நடனம் ஒன்று பாதியில் நிற்கிறது, அதை யாராவது பார்க்க வேண்டும்', 'காயத்திலிருந்து மீண்டு வருகிறேன், மெதுவாக ஆட இடம் வேண்டும்' என்ற அளவுக்குத் திட்டமாக இருக்கட்டும்.

ஏனென்றால் எல்லா அமைப்பும் எல்லாம் செய்வதில்லை. சில அமைப்புகளின் உயிர் ஸ்டூடியோதான். மணிக்கணக்கில் குறைந்த வாடகைக்குத் தரை தருவார்கள், வேறு எதிலும் தலையிட மாட்டார்கள். சில அமைப்புகளுக்குச் சொந்த இடமே இருக்காது. வெவ்வேறு இடங்களில் வொர்க்‌ஷாப்பும் தினசரி க்ளாஸும் நடத்துவார்கள். வேறு சிலர் முடிவு பெறாத படைப்புகளைக் காட்டும் மாலைகளை நடத்துகிறார்கள். ரெசிடென்சி தருபவர்கள் உண்டு. அதாவது சில வாரங்களுக்கு இடமும் சிறு தொகையும் கொடுத்து 'வேலை செய்யுங்கள்' என்று விட்டுவிடுவார்கள். கலைஞர் பெயரில் மானியம் வாங்கிக் கணக்கு வைத்துக்கொடுப்பவர்களும், ஊதியத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் குரல் கொடுப்பவர்களும் உண்டு. உங்கள் தேவை ஒத்திகை இடமாக இருக்கும்போது வாதிடும் அமைப்பில் சேர்ந்துவிட்டு 'இவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்று வருந்துவதில் பயனில்லை.

இரண்டாம் படி: உண்மையில் கலைஞர்கள்தான் நடத்துகிறார்களா என்று பாருங்கள்

'கலைஞர்களுக்காக' என்பதும் 'கலைஞர்களால்' என்பதும் வேறு வேறு. இரண்டுமே நல்லவையாக இருக்கலாம். ஆனால் உள்ளே போவதற்கு முன் எது என்று தெரிய வேண்டும். மூன்று கேள்விகள் போதும்.

நிகழ்ச்சியில் யாருடைய படைப்பு இடம்பெற வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? அந்த ஆட்கள் எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள்? கணக்கை உறுப்பினர்கள் பார்க்க முடியுமா?

மூவ்மென்ட் ரிசர்ச் 1991 முதல் ஜட்சன் தேவாலயத்திலேயே திங்கட்கிழமை மாலைகளில் இலவச நிகழ்ச்சி நடத்துகிறது. அங்கே ஆடுபவர்களைத் தேர்ந்தெடுப்பது சக கலைஞர்களின் குழு, அந்தக் குழுவும் சுழற்சியில் மாறிக்கொண்டே இருக்கும். நல்ல முறை என்று நான் நினைக்கிறேன். ஒரே மூன்று பேர் பத்து ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் அவர்களுடைய ரசனைதான் அந்த ஊரின் நடனமாகிவிடும்.

'இங்கே தலைவர் யாரும் இல்லை, எல்லோரும் சமம்' என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் தலைமை எழுத்தில் இல்லாத இடத்தில் அது நட்பிலும் சீனியாரிட்டியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கூட்டம் முடிந்தபின் வாசலில் நின்று பேசும் நாலு பேரிடம்தான் முடிவு இருக்கும், புதிதாக வந்தவருக்கு அது தெரியவே தெரியாது. பொறுப்புகள் யார் யாரிடம், எத்தனை மாதத்துக்கு என்று சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அமைப்பை நான் அதிகம் நம்புவேன்.

மூன்றாம் படி: ஆடுவதற்கு முன் பார்க்கப் போங்கள்

முதல் மாதம் முழுக்க பார்வையாளராகப் போங்கள். திறந்த ஒத்திகை, பாதிப் படைப்பு காட்டும் மாலை, பேச்சு எது நடந்தாலும் போய் உட்காருங்கள். இரண்டாவது முறை போகும்போதே முகம் பதிந்துவிடும். மூன்றாவது முறை நாற்காலி அடுக்க உதவினால் பெயரும் பதியும். சிறிய அமைப்புகளில் நம்பிக்கை இப்படித்தான் கூடுகிறது, பயோடேட்டா அனுப்பிக் கூடுவதில்லை.

அப்புறம் க்ளாஸுக்குப் போங்கள். ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் ஆசிரியரிடம் உங்கள் காயங்களைச் சொல்லிவிடுங்கள். முழங்கால், கீழ்முதுகு, கர்ப்பம், தலைசுற்றல் என்று எதையும் மறைக்க வேண்டாம். நல்ல ஆசிரியர் மாற்று அசைவு தருவார்.

ஜாம் என்பது தனி உலகம். காண்டாக்ட் இம்ப்ரூவைசேஷன் ஆடுபவர்கள் கூடிச் சேர்ந்து ஆடும் திறந்த நேரம் அது. காண்டாக்ட் இம்ப்ரூவைசேஷன் 1972இல் ஸ்டீவ் பாக்ஸ்டனும் அவருடன் வேலை செய்தவர்களும் தொடங்கிய வடிவம். இரண்டு உடல்கள் தொடும் புள்ளியில் எடையைக் கொடுத்து வாங்கி, எதுவும் முன்கூட்டித் தீர்மானிக்காமல் ஆடுவது. ஜாமில் யாரும் பாடம் எடுக்க மாட்டார்கள். எனவே முதலில் ஓர் அறிமுக வகுப்புக்குப் போய், விழுவதையும் எடை கொடுப்பதையும் கற்றுக்கொண்ட பிறகு ஜாமுக்குப் போங்கள். கடிகாரம், மோதிரம், தோடு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கடுமையான வாசனைத் திரவியம் வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் பங்கேற்புதான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எந்த நிமிடத்திலும் ஓர் ஆட்டத்திலிருந்து விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கையை எடுத்துவிட்டு, தலையசைத்துவிட்டு நகர்ந்தால் போதும். அதேபோல் உங்களிடமிருந்து ஒருவர் விலகினால் பின்தொடராதீர்கள். தொடுகையோடு வேலை செய்யும் கலை இது, ஆகவே தொடுகை பற்றிய விதிகளை எழுதி வைத்திருக்க வேண்டும். புகார் என்றால் யாரிடம் போவது என்று கேளுங்கள். குறைந்தது இரண்டு பெயர்கள் சொல்ல வேண்டும், அமைப்பைத் தொடங்கியவர் ஒருவரே அந்தப் பெயராக இருக்கக் கூடாது. இந்தக் கேள்விக்கு முகம் சுளித்தால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

நான்காம் படி: உறுப்பினர் ஆகும்போது எழுத்தில் வாங்குங்கள்

பல அமைப்புகளில் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. வருமானத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று அடுக்குகள் இருக்கும், எந்த அடுக்கு என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், யாரும் சான்று கேட்க மாட்டார்கள். நிலையான சம்பளம் வருகிறது என்றால் மேல் அடுக்கைத் தேர்ந்தெடுங்கள். கீழ் அடுக்கு ஒருவருக்குத் திறந்திருப்பது அதனால்தான்.

பணத்துக்குப் பதில் வேலை செய்யும் ஏற்பாடும் உண்டு. வாரத்தில் சில மணி நேரம் வரவேற்பு மேசையில் உட்காருவது, ஸ்டூடியோவைச் சுத்தம் செய்வது, போஸ்டர் போடுவது. அதற்கு ஈடாக இலவச க்ளாஸ் அல்லது ஒத்திகை நேரம். கையில் காசு இல்லாத இளம் கலைஞருக்கு இது பெரிய வாசல். எனக்கும் அதுதான் வாசலாக இருந்தது. ஆனால் நான் ஒரு தவறு செய்தேன். எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை க்ளாஸ் என்று எழுத்தில் வாங்கவில்லை. வாரம் நாலு மணி நேரம் என்று தொடங்கியது, விழாக் காலத்தில் பதினைந்து ஆனது, க்ளாஸுக்குப் போகவே நேரமில்லாமல் போனது. கேட்டபோது 'இது நம்ம இடம்தானே' என்றார்கள். ஒரு வருடம் கழித்து உடம்பும் மனமும் சோர்ந்து அங்கிருந்து விலகினேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களும் அப்படித்தான் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத் தாளில் மணிக்கணக்கை எழுதியிருந்தால் நான் இன்னும் அங்கே இருந்திருப்பேன்.

எனவே எழுதி வாங்குங்கள். வேலை என்ன, வாரத்துக்கு எத்தனை மணி, ஈடாக என்ன, எத்தனை மாதம், முடித்துக்கொள்ள எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். இவ்வளவும் நாலு வரியில் அடங்கிவிடும்.

ஐந்தாம் படி: ஸ்டூடியோவைப் பயன்படுத்தும் விதம்

தரையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் மூட்டுகள் அதன் மேல்தான் வாழப்போகின்றன. நல்ல நடனத் தரை இரண்டு அடுக்கு. அடியில் அழுத்தத்தை வாங்கித் திருப்பித் தரும் மரத் தளம், மேலே வழுக்கலையும் பிடிப்பையும் சமன்படுத்தும் வினைல் விரிப்பு. இந்த விரிப்பைப் பலரும் 'மார்லி' என்பார்கள். கான்கிரீட்டின் மேல் நேராக மார்லி விரித்தால் பார்க்க அழகாக இருக்கும், குதிக்கும் உடம்புக்கோ அது கான்கிரீட்தான். அப்படிப்பட்ட இடத்தில் தாவல்களைக் குறைத்துக்கொண்டு தரையோடு ஒட்டிய வேலையைச் செய்யுங்கள். நெரிசலையும் பாருங்கள். வளர்ந்த ஒருவர் கைகால் வீசி ஆட ஏறக்குறைய 5 சதுர மீட்டர் வேண்டும்.

வெளிச் செருப்பும் ஷூவும் தரைக்கு வரக் கூடாது. ஒட்டிவந்த மணலின் ஒரு துகள் போதும், வினைல் கீறிவிடும், அடுத்து ஆடுபவரின் பாதமும் கீறும். உடம்பில் எண்ணெயோ லோஷனோ தடவிக்கொண்டு தரையில் புரளாதீர்கள், பவுடர் போடாதீர்கள். மார்லியை மடிக்கவே கூடாது, சுருட்டத்தான் வேண்டும். மடித்த இடத்தில் விழும் கோடு போகவே போகாது, அதில் பாதம் தட்டும். டேப் ஒட்டினால் அன்றைக்கே உரித்து, பசையையும் துடைத்துவிடுங்கள்.

புக் செய்த நேரத்தில் வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலியாகக் கிடந்த இரண்டு மணி நேரம் இன்னொருவருக்கு அந்த வாரத்தின் ஒரே ஒத்திகையாக இருந்திருக்கும். நேரம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஆட்டத்தை நிறுத்துங்கள். துடைப்பது, ஸ்பீக்கரை அணைப்பது, ஜன்னலைச் சாத்துவது எல்லாம் உங்கள் நேரத்துக்குள் வருபவைதான்.

பிரான்ஸில் ஒரு பழைய கன்னியர் மடத்தில் இயங்கும் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் ஃபோரம் என்ற இடத்தை அங்கே தங்க வரும் கலைஞர்களே நடத்துகிறார்கள். நாடக இயக்குநர் யான் ரிட்ஸ்மா தொடங்கியது. அவர்களுடைய விதிகள் புகழ்பெற்றவை: தடயம் விட்டுச்செல்லாதே, மற்றவர்களுக்கும் வழிசெய், செய்பவரே முடிவு செய்கிறார். மூன்றாவது விதி புதியவர்களுக்கு மிகவும் தேவை. சமையலறை அலமாரி சரியில்லை என்று தோன்றினால் யாரிடமும் முறையிட வேண்டாம், அடுக்கிவிடுங்கள். எப்படி அடுக்குவது என்பதை அடுக்குபவர் முடிவு செய்துகொள்ளலாம்.

ஆறாம் படி: படைப்பைக் காட்டுவதும் பிறர் படைப்பைப் பார்ப்பதும்

இந்த அமைப்புகளின் இதயம் இதுதான் என்பேன். இடம் வேறு எங்காவது கிடைத்துவிடலாம். முடியாத படைப்பை அக்கறையோடு பார்க்கும் பத்துப் பேர் எளிதில் கிடைக்க மாட்டார்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் படைப்பு முழுசாக முடிந்த பிறகு காட்டலாம் என்று காத்திருக்கிறார்கள். அப்போது எது சொன்னாலும் மாற்ற மனம் வராது. பாதியில் காட்டுங்கள். ஐந்து நிமிடப் பகுதி போதும். காட்டுவதற்கு முன் நீண்ட விளக்கம் வேண்டாம், பார்த்தவர்கள் உங்கள் விளக்கத்தைத்தான் பார்ப்பார்கள், நடனத்தைப் பார்க்க மாட்டார்கள்.

கருத்துச் சொல்வதற்கு ஒரு முறை இருந்தால் நல்லது. அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய நான்கு கட்ட முறையைப் பல அமைப்புகள் பின்பற்றுகின்றன. நான் பார்த்தவரை இதைவிடப் பயனுள்ள ஒன்று இல்லை.

முதல் கட்டத்தில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது அர்த்தமாகப் பட்டது, எது மனதில் நின்றது என்று மட்டும் சொல்வார்கள். 'நன்றாக இருந்தது' என்பது இதில் சேராது. 'சுவரோரம் நீங்கள் முதுகு காட்டி நின்றபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்' என்பது சேரும். இரண்டாவதில் படைப்பாளி கேட்பார். 'இரண்டாம் பகுதியின் மௌனம் நீளமா?' என்பது போல. மூன்றாவதில் பார்த்தவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் தங்கள் கருத்து ஒளிந்திருக்கக் கூடாது. 'ஏன் இவ்வளவு இருட்டு?' என்பதில் ஒரு குறை மறைந்திருக்கிறது. 'வெளிச்சத்தைப் பற்றி என்ன யோசித்தீர்கள்?' என்பதில் இல்லை. நான்காவது கட்டத்தில்தான் அபிப்பிராயம், அதுவும் அனுமதி கேட்டு: 'ஆடை பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது, கேட்க விருப்பமா?' படைப்பாளி 'இப்போது வேண்டாம்' என்று சொல்லலாம், அதை மதிக்க வேண்டும்.

மூன்றாவது கட்டம்தான் கடினம். கேள்வியிலிருந்து கருத்தைப் பிரிக்கப் பழகும்போது, நாம் உண்மையில் என்ன பார்த்தோம் என்பதையே இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது கைவர இரண்டு ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு என் சொந்தப் படைப்பையும் அப்படிக் கேட்க முடிந்தது. ஒருமுறை என் தனி நடனத்தைப் பார்த்த ஒருவர், 'உங்கள் இடது கை எங்கே போக நினைக்கிறது?' என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மூன்று வாரம் இடது கையோடு மட்டும் வேலை செய்தேன். அந்த நடனத்தின் முடிவு அங்கிருந்துதான் கிடைத்தது.

இன்னொன்று. உங்கள் பகுதியைக் காட்டி முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கடைசியாக ஆடுபவர் வரை உட்கார்ந்து பாருங்கள்.

வீடியோ எடுப்பதைப் பற்றியும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாதிப் படைப்பின் காணொளி வெளியே போனால் படைப்பாளிக்குச் சங்கடம். யார் எடுக்கலாம், எங்கே வைத்திருப்பார்கள், யாரிடம் அனுமதி என்று தெளிவாக இருக்க வேண்டும்.

ஏழாம் படி: பொறுப்பு எடுங்கள்

ஆறு மாதம் கழிந்ததா? சரி, இப்போது ஏதாவது ஒரு பொறுப்பை எடுக்கலாம். சிறியதாக, முடிவுத் தேதியோடு. 'மூன்று மாதம் சாவி நான் வைத்துக்கொள்கிறேன்', 'இந்த விழாவுக்கு மட்டும் கலைஞர்களின் பயண ஏற்பாடு என் வேலை'. நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் முதலில் கணக்குப் பக்கம் போங்கள் என்பேன். வாடகை எவ்வளவு, க்ளாஸில் எவ்வளவு வருகிறது, மானியம் எந்த மாதம் தீர்கிறது என்று தெரிந்தவரின் பேச்சுக்குக் கூட்டத்தில் எடை இருக்கும். கலை பற்றிய வாக்குவாதங்களில் பாதி, உண்மையில் பணம் பற்றியவை என்பதும் அங்கேதான் புரியும்.

கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவது என்ற வழக்கம் சில இடங்களில் உண்டு. அழகான வழக்கம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு, குழந்தையை விட்டுவந்தவரும் காலையில் வேலைக்குப் போக வேண்டியவரும் கிளம்பிப் போனபின் மிஞ்சுபவர்கள் எடுக்கும் முடிவை ஒருமித்த முடிவு என்று சொல்ல முடியாது. கூட்டத்துக்கு முடியும் நேரம் வையுங்கள். முடிவுகளை அன்றே எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். 'இதில் யாருக்காவது தாங்க முடியாத ஆட்சேபம் இருக்கிறதா?' என்று கேட்பது, 'எல்லோருக்கும் பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதைவிட விரைவாகவும் நேர்மையாகவும் முடிவுக்குக் கொண்டுவரும்.

எட்டாம் படி: ரெசிடென்சிக்கும் மானியத்துக்கும் விண்ணப்பிக்கும்போது

சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பத்தியில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எளிய வினைச்சொற்களில் எழுதுங்கள்: 'மூன்று பேர், ஒரு கயிறு, நாற்பது நிமிடம், விழாமல் சாய்வது எப்படி என்று தேடுகிறோம்.' தத்துவம் பிறகு வரட்டும். வரவுசெலவுத் திட்டத்தில் உங்கள் ஊதியத்தை முதல் வரியில் போடுங்கள். கூட ஆடுபவர்களுக்கு ஒத்திகை நாட்களுக்கும் ஊதியம் போடுங்கள். சொந்த ஊதியத்தைப் பூஜ்யமாகப் போட்டால் கருணை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், அடுத்த கலைஞரும் பூஜ்யம் போட வேண்டிய நிலை உருவாகும்.

பதிவு செய்யப்பட்ட அமைப்புக்குத்தான் பணம் என்று பல நிதியளிப்பவர்கள் சொல்வார்கள். அப்போது அமைப்பே உங்கள் சார்பில் பணத்தை வாங்கி, கணக்கு வைத்து, உங்களுக்குத் தரும். அதற்கு ஒரு சிறு விழுக்காட்டை எடுத்துக்கொள்வது வழக்கம். எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும், வரிக் கணக்கு யார் பொறுப்பு என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். படைப்பு உங்களுடையதாகவே இருக்க வேண்டும். அமைப்பு கேட்கக்கூடியது அறிவிப்பில் தன் பெயர், அவ்வளவுதான்.

ஒன்பதாம் படி: பக்கத்தில் எந்த அமைப்பும் இல்லை என்றால்

தொடங்குங்கள். பெயர், லோகோ, பதிவு எதுவும் இப்போது வேண்டாம். ஐந்து பேரும் ஒரு தரையும் போதும். பள்ளிக்கூட அரங்கு, சமூகக்கூடம், வழிபாட்டுத்தலத்தின் மண்டபம் என்று மாலையில் காலியாகக் கிடக்கும் இடங்களைக் கேளுங்கள். கேட்கும்போது 'நிரந்தரமாக' என்று கேட்காதீர்கள். 'எட்டு வாரம், வாரத்தில் ஒரு மாலை, துடைத்துப் பூட்டித் தருகிறோம்' என்று கேளுங்கள். எட்டு வாரத்துக்குக் கதவு திறப்பவர்கள் உண்டு.

ஒவ்வொரு மாலையும் ஒரே ஒழுங்கில் நடக்கட்டும். ஒருவர் அரை மணி நேரம் வார்ம்-அப் நடத்துவார், அடுத்த வாரம் வேறொருவர். பிறகு ஒரு மணி நேரம் அவரவர் வேலை. கடைசியில் இரண்டு பேர் காட்டுவார்கள், மற்றவர்கள் மேலே சொன்ன நான்கு கட்டங்களில் பேசுவார்கள். எட்டாவது வாரம் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அதன் பிறகும் ஐந்து பேருக்கும் தொடர விருப்பம் இருந்தால் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். யார் என்ன பொறுப்பு, எப்போது மாறும், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் என்ன, எல்லோரும் விலகினால் ஸ்பீக்கரும் மார்லியும் யாருக்கு. கடைசிக் கேள்வி மனதைக் கஷ்டப்படுத்தும், ஆனாலும் எழுதுங்கள். வங்கிக் கணக்கு திறந்தால் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். மானியம் தேவைப்படும்போது பதிவு செய்துகொள்ளலாம்.

நீடிக்க வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். ஜட்சன் இரண்டு ஆண்டு, எக்ஸ் 6 நான்கு ஆண்டு. முடிந்தபோது அவற்றில் இருந்தவர்கள் கற்றதை எடுத்துக்கொண்டு வேறு இடங்களுக்குப் போனார்கள். ஆனால் பதிவு வையுங்கள். ஒவ்வொரு மாலையும் தேதி, வந்தவர்கள், என்ன காட்டினார்கள், என்ன கேள்வி எழுந்தது என்று ஒரு நோட்டில் ஐந்து வரி. நடனம் காற்றில் போய்விடும். பின்னால் வருபவர் கையில் கிடைப்பது அந்த நோட்டுதான்.

முதல் மாலைக்கு எடுத்துப்போக வேண்டியவை: அந்த நோட்டு, பேனா, முதலுதவிப் பெட்டி, அவசரத்துக்கு அழைக்க ஒவ்வொருவரின் வீட்டு எண், ஒரு சிறிய ஸ்பீக்கர், தரை துடைக்க ஒரு மாப், கால் துடைக்க ஒரு பழைய துண்டு. வாசலில் செருப்பு விடும் இடத்தைக் காட்டி ஒரு தாள் ஒட்டுங்கள். அடுத்த வார்ம்-அப் யாருடையது என்று கேட்டு, பெயரை எழுதிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.